குவாண்டம் இன்டர்ன்ஷிப்: பெட்டியடிக்குப் போன கதை

பிஎச்டி நடுவில் சில மாதம் பிரான்சில் ஒரு ஆய்வகத்துக்குக் குவாண்டம் கம்ப்யூட்டிங் இன்டர்ன்ஷிப் போய்வந்ததிலிருந்து எனக்கு வரும் மெசேஜ்கள் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, எங்க டிபார்ட்மென்ட்ல குவாண்டம் லேபே இல்ல. நாங்கல்லாம் அப்ளை பண்ணலாமா?" தேவகோட்டையிலிருந்து கேட்கிறார்கள், சிவகங்கையிலிருந்து கேட்கிறார்கள், புதுக்கோட்டையிலிருந்து கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. அதனால் இந்தப் பதிவு.

பதில் ஒரு வரியில்: பண்ணலாம். எங்கள் டிபார்ட்மென்ட்டிலும் குவாண்டம் லேப் கிடையாது. காரைக்குடி வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு, பேட்டரிப் பொருள்களின் எலெக்ட்ரான் அமைப்பைக் கணக்குப் போடுகிறவள் நான். டிஎஃப்டி என்று சொல்வார்களே, அந்த வேலை. ஊரைச் சொன்னதும் எல்லோரும் "அப்போ சிக்ரியா?" என்பார்கள். இல்லை. ஆனால் எங்கள் பக்கம் பேட்டரியைப் பற்றி யோசிக்கிறவர்கள் இத்தனை பேர் இருப்பதற்குச் சிக்ரிதான் காரணம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. செட்டியாரும் எங்கள் கோட்டையூர்க்காரர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் ஊருக்குள் நடமாட முடியாது.

சரி, விஷயம். எனக்கு அந்த இடம் கிடைத்தது குவாண்டம் தெரிந்ததால் இல்லை. கிளஸ்டரில், அதாவது பல கணினிகளை இணைத்து ஒன்றாக ஓட்டும் இடத்தில், வேலை பார்க்கத் தெரிந்ததால். இதைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

குவாண்டம் கம்ப்யூட்டிங் என்றவுடன் எல்லோர் கண்ணிலும் தங்க நிறத்தில் சரவிளக்கு மாதிரி தொங்கும் அந்த இயந்திரம்தான் வருகிறது. ஆனால் இன்றைய தேதிக்கு இந்தத் துறையில் நடக்கும் ஆய்வில் ஒரு பெரிய பங்கு சாதாரணக் கணினியில், அதுவும் பெரிய கணினியில் நடக்கிறது. ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு க்யூபிட், சாதாரணக் கணினியின் பிட் மாதிரி. அதில் ஒன்று கூடினால், மொத்த நிலையை எழுதிவைக்க வேண்டிய எண்கள் இரண்டு மடங்காகும். 30 க்யூபிட்டுக்கு ஏறக்குறைய 107 கோடி எண்கள். ஒவ்வொன்றும் சிக்கலெண் என்பதால் 16 பைட். மொத்தம் 16 ஜிபி. நல்ல லேப்டாப்பில் திணித்துவிடலாம். 33 என்றால் 128 ஜிபி, அது கிளஸ்டரில் ஒரு நோடு, அதாவது அதில் இணைந்திருக்கும் கணினிகளில் ஒன்று. 36 என்றால் 1 டிபி. 40க்குப் போனால் 16 டிபி. 45 க்யூபிட்டை முழுதாக நினைவகத்தில் வைத்துக் கணக்குப் போட்டதை 2017இல் அமெரிக்காவின் கோரி சூப்பர்கம்ப்யூட்டரில் செய்து காட்டினார்கள். அதற்கு அரை பெட்டாபைட் நினைவகமும் 8192 நோடுகளும் வேண்டியிருந்தன. புதிய குவாண்டம் சிப் ஒன்று சரியான விடை தருகிறதா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? இப்படிப்பட்ட சிமுலேஷனை வைத்துத்தான்.

இதில் நினைவகம் மட்டும் பிரச்சினை இல்லை. அந்த எண்களை 8 நோடுகளில் பங்குபோட்டு வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். கீழ் வரிசை க்யூபிட்டில் ஒரு கேட் (க்யூபிட்டின் நிலையை மாற்றும் அடிப்படைச் செயல்) போட்டால் ஒவ்வொரு நோடும் தன் பங்கைத் தானே பார்த்துக்கொள்ளும், யாரிடமும் பேச வேண்டியதில்லை. மேல் மூன்று க்யூபிட்டில் ஒன்றைத் தொட்டீர்களோ, நோடுகள் ஜோடி சேர்ந்து தங்கள் கையிருப்பை நெட்வொர்க் வழியாக மாற்றிக்கொள்ள வேண்டும். கணக்குப் போடும் நேரத்தைவிட இந்தப் போக்குவரத்துக்கே நேரம் அதிகம். எந்த க்யூபிட்டை மேலே வைப்பது, எதைக் கீழே இறக்குவது, எந்தக் கேட்டுகளைச் சேர்த்துச் செய்வது என்று தலையை உடைத்துக்கொள்வதே ஒரு தனி ஆய்வு. ஷ்ரோடிங்கரின் குவாண்டம் இயற்பியலை விட்டுவிட்டு, நோடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் எம்பிஐ படிக்க வேண்டிய இடம் இது.

இன்னொரு கதையும் உண்டு. 2019இல் கூகுள் தன் 53 க்யூபிட் சிக்கமோர் சிப் 200 நொடியில் செய்ததைச் சூப்பர்கம்ப்யூட்டர் செய்ய 10,000 ஆண்டு ஆகும் என்றது. உடனே ஐபிஎம், நினைவகத்தில் கொள்ளாததை ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவைத்துச் செய்தால் இரண்டரை நாள் போதும் என்றது. 2022இல் சீன ஆய்வாளர்கள் டென்சர் நெட்வொர்க் என்ற கணக்கு முறையில் 512 ஜிபியுக்களை வைத்துப் பதினைந்து மணி நேரத்தில் முடித்துக் காட்டினார்கள். கூகுளை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை, அந்தச் சிப் உண்மையிலேயே பெரிய வேலை. ஆனால் குவாண்டம்காரர்கள் ஒரு எண்ணைச் சொன்னால், அதை இறக்கிக் காட்டுவதற்கென்று எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. நான் அந்தக் கூட்டத்துப் பக்கம் சாய்ந்தவள். எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும்.

எனக்குக் கிளஸ்டர் எப்படிப் பழக்கமானது என்றால், திருச்சி என்ஐடியில் இருக்கும் பரம் பொருள் மூலமாக. தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷனில் வந்த இயந்திரம், 2022 மே மாதம் திறந்தார்கள், 838 டெராஃப்ளாப். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. அங்கே ஒரு பேராசிரியரோடு எங்கள் கைடு சேர்ந்து வேலை செய்ததால் எனக்கும் ஒரு அக்கவுண்ட் கிடைத்தது. அதற்காகத் திருச்சிக்குப் போக வேண்டியதில்லை. கோட்டையூர் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து லாகின் பண்ணி, ஜாப் போட்டுவிட்டு, க்யூவில் என் முறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கரண்ட் போனாலும் கவலையில்லை, ஜாப் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி எழுந்து எழுந்து அதைப் பார்ப்பதைக் கண்டு அப்பத்தா, "ஏத்தா, யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டது உண்டு.

க்யூவை நிர்வகிக்கும் ஸ்லர்முக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது, தேவையான மென்பொருளை மாட்யூலாக லோடு செய்வது, வால்டைம் (ஜாபுக்கு ஒதுக்கிய நேரம்) முடிந்து பாதியில் செத்த ஜாப், நினைவகம் போதாமல் கொல்லப்பட்ட ஜாப், விட்ட இடத்திலிருந்து தொடரும் வகையில் செக்பாயிண்ட் எழுதிவைப்பது, ஒரே கணக்கை ஒரு நோடு, இரண்டு, நான்கு, எட்டு என்று ஓட்டி எங்கே வேகம் கூடுவது நிற்கிறது என்று பார்ப்பது. டிஎஃப்டி செய்கிற எல்லோருக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் யாரும் இதை ஒரு திறமை என்று பயோடேட்டாவில் எழுதுவதில்லை. சமையல்கட்டு வேலை மாதிரி, செய்தால் கண்ணுக்குத் தெரியாது.

நான் முதலில் அனுப்பிய மெயில்கள் எல்லாம் "குவாண்டம் கம்ப்யூட்டிங்கில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று ஆரம்பித்தவை. யாரும் பதில் போடவில்லை. அந்த வரியை ஒரு நாளில் எத்தனை பேரிடமிருந்து படிக்கிறார்களோ பாவம். பதில் வந்த மெயில் வேறு மாதிரி இருந்தது. எங்கள் நிரல் எட்டு நோடு வரை நன்றாக வேகமெடுத்து, அதற்குமேல் படுத்துவிடுவதைக் காட்டும் ஒரு கிராஃப் வைத்து, ஏன் படுக்கிறது என்று நான் நினைப்பதை நாலு வரியில் எழுதியிருந்தேன். பொதுவாகச் சொல்வதானால், எவ்வளவு நோடு சேர்த்தாலும் பிரிக்க முடியாத மிச்சப் பகுதிதான் கடைசியில் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆம்டால் 1967இல் சொன்னது. என் விஷயத்தில் அந்த மிச்சம் எது என்பதைக் கண்டுபிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

வீடியோ நேர்காணலில், பெரிய எண்களைக் காரணிகளாக உடைக்கும் குவாண்டம் முறையான ஷோர் அல்காரிதம் கேட்பார்கள் என்று பயந்து ராத்திரியெல்லாம் படித்திருந்தேன். அதைத் தொடவே இல்லை. "உங்க ஜாப் முடிஞ்சிருச்சுன்னு ஸ்லர்ம் சொல்லுது, ஆனா விடை தப்பு. எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்ற மாதிரி ஒரு கேள்வி. அதற்கு அரை மணி நேரம் பேசினேன். பட்ட பாடு அத்தனையும் அங்கே பயன்பட்டது.

வழிகளைப் பற்றியும் கேட்கிறார்கள், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சுக்குப் போக, பதிவுசெய்த பிஎச்டி மாணவர்களுக்கு ராமன்-சார்பாக் ஃபெல்லோஷிப் இருக்கிறது. அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு டாக்டரல். லாஸ் அலமோஸ் ஆய்வகம் 2018 முதல் குவாண்டம் கம்ப்யூட்டிங் கோடைப் பள்ளி நடத்துகிறது. ஐபிஎம், என்விடியா, மைக்ரோசாஃப்ட் போன்ற கம்பெனிகள் பிஎச்டி மாணவர்களை நேரடியாக எடுக்கும். கோடைக்கால இடங்களுக்கு முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலிருந்தே கதவு திறந்துவிடும். ஏப்ரலில் தேடினால் கதவு சாத்தியிருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையின் சில திட்டங்கள் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். தகுதிப் பகுதியை முதலில் படித்துவிட்டு அப்புறம் கனவு காணுங்கள். நாட்டை விட்டுப் போக முடியாதவர்கள் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கைப் பாருங்கள், தேசிய குவாண்டம் மிஷனின் மையங்களைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் 6003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தார்கள், எட்டு ஆண்டுத் திட்டம். கம்ப்யூட்டிங் பிரிவுக்கு பெங்களூரு ஐஐஎஸ்சி, தொடர்புப் பிரிவுக்கு சென்னை ஐஐடி. அந்தத் திட்டத்தின் குறிக்கோளில் 50 முதல் 1000 க்யூபிட் வரையிலான இயந்திரங்கள் என்று இருக்கிறது. செய்தித்தாளில் க்யூபிட் எண்ணிக்கைதான் கொட்டை எழுத்தில் வரும். அந்த இயந்திரத்தை ஒரு சூப்பர்கம்ப்யூட்டரோடு பிணைத்து நூறு பேர் பகிர்ந்துகொள்ளும்படி செய்ய எத்தனை பேர் வேண்டும் என்பது வராது.

பேப்பர் வேலையைச் சொல்லாமல் விட்டால் பாவம். இடம் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிரான்சில் வெளிநாட்டு ஆய்வாளரை அழைக்க 'கன்வான்சியோன் தாக்கேய்' என்று ஒரு வரவேற்பு ஒப்பந்தம் வேண்டும், அதை வைத்துத்தான் விசா. அதற்கும் முன்னால் இன்னொன்று. குவாண்டம், சூப்பர்கம்ப்யூட்டர் மாதிரி விஷயங்களில் பல ஆய்வகங்கள் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டவை. உள்ளே நுழைய பாதுகாப்பு அனுமதி தேவை, அதற்கு இரண்டு மாதம் வரை ஆகலாம். அந்த அனுமதி வராமல் மற்ற காகிதம் நகராது. எனவே நாள் குறிக்கும்போது பின்னாலிருந்து எண்ணுங்கள்.

நம் பக்கம் என்ன சிக்கல் என்றால், இப்படி ஒரு காகிதத்தை இதற்கு முன் யாரும் நீட்டியிருக்க மாட்டார்கள். என்ஓசி கேட்டுப் போன அலுவலகத்தில், பிஎச்டி மாணவர் இன்டர்ன்ஷிப் போவதற்கு விதியில் இடம் இருக்கிறதா என்று ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு ஃபைல் போய்க்கொண்டே இருந்தது. இன்டர்ன்ஷிப் என்றால் பி.இ. பையன்கள் போவது என்று ஒருவர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். கடைசியில் கைடு "வெளி ஆய்வகப் பணி" என்று எழுதிக்கொடுத்தார், நகர்ந்தது. ஜேஆர்எஃப் என்று மாதாமாதம் வரும் உதவித்தொகை 37,000 ரூபாயில் பாரிஸ் வாடகை கட்டுவதைப் பற்றிக் கனவிலும் நினைக்காதீர்கள். ஸ்டைபண்ட் யார் தருவார்கள், எந்தத் தேதியில் வரும், முதல் மாதத்தை எப்படிச் சமாளிப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். பணம் பற்றிக் கேட்க வெட்கப்படுவது செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு அழகில்லை.

வீட்டில் விளக்குவதுதான் எனக்குச் சவாலாக இருந்தது. ஆத்தாவுக்குக் கல்யாணக் கவலை. அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, பாதுகாப்புக் கவலை. சம்பளமில்லாமல், ஸ்டைபண்டுக்கு, யாரோ ஒருவரின் ஆய்வகத்தில் வேலை பார்க்க ஏன் கடல் தாண்ட வேண்டும் என்று இருவருக்கும் புரியவில்லை. பெரியப்பச்சிதான் ஒரே வார்த்தையில் முடித்துவைத்தார்கள். "பெட்டியடிக்குப் போகுதப்பா. ஐயா ஈப்போவுக்குப் போகலையா?"

வெளியூர்க்காரர்களுக்காக: அந்தக் காலத்தில் மலேயா, பர்மா என்று கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன நகரத்தார் கடைகளில் சின்னப் பையன்களைப் பெட்டியடிப் பையனாகச் சேர்ப்பார்கள். மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். பணப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை, கூட்டிப் பெருக்குவது, பேரேட்டில் எண் சரிபார்ப்பது. மூன்று வருஷக் கணக்கு முடிந்து திரும்பும்போது தொழில் தெரிந்திருக்கும். என் ஐயா, அதாவது தாத்தா, அப்படித்தான் ஈப்போவில் தொடங்கினார்கள். பெரியப்பச்சி சொன்னதும் வீட்டில் எதிர்ப்பு அடங்கிவிட்டது. மறுநாளே அப்பத்தா மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பை வறுக்க ஆரம்பித்துவிட்டது.

சொன்ன பொருத்தம் நான் நினைத்ததைவிட நெருக்கமாக இருந்தது. அங்கே போய் நான் தொட்டதெல்லாம் பெட்டிதான். குவாண்டம் இயந்திரத்தைத் தொடவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை இது. ஒரு மூலக்கூறின் ஆற்றலைக் கண்டுபிடிக்கும் விக்யூஇ போன்ற முறைகளில் குவாண்டம் இயந்திரமும் சாதாரணக் கணினியும் மாறி மாறி வேலை செய்யும். குவாண்டம் பக்கம் அளந்து சொல்லும், சாதாரணக் கணினி அதைப் பார்த்து அடுத்த அளவுருவைத் தீர்மானித்துத் திருப்பி அனுப்பும், மறுபடி அளக்கும். 2014இலிருந்து பேசப்படும் முறை. ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு, எலெக்ட்ரான்களை விவரிக்கும் மிகச் சிறிய அடிப்படைக் கணத்தில், 4 க்யூபிட்டும், கூட்டி ஆற்றலைக் கண்டுபிடிக்க 15 உறுப்புகளும் வேண்டும். லித்தியம் ஹைட்ரைடுக்குப் போனாலே 12 க்யூபிட், 631 உறுப்பு. ஒவ்வொன்றையும் ஆயிரக்கணக்கான முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க அளவை நூறு மடங்காக்க வேண்டும். இதில் பட்டவர்த்தனமான ஒன்று: இந்த இரண்டு மூலக்கூறையும் என் பழைய லேப்டாப் துல்லியமாகத் தீர்த்துவிடும். நாளைக்குப் பெரிய மூலக்கூறுக்கு இது உதவும் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் சின்னதில் பழகுகிறார்கள். அந்த நாளை எப்போது என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

சரி, இப்படி மாறி மாறி வேலை செய்யும்போது யார் யாருக்காகக் காத்திருப்பது? அதுதான் என் தலைப்பு. மீக்கடத்தி க்யூபிட் என்றால் ஆயிரம் அளவைகள் நொடிக் கணக்கில் முடிந்துவிடும், அப்புறம் சாதாரணக் கணினி யோசித்து முடிக்கும்வரை விலை உயர்ந்த குவாண்டம் இயந்திரம் சும்மா நிற்கும். மின்னூட்டமில்லாத அணுக்களையே க்யூபிட்டாக வைத்துக்கொள்ளும் நடுநிலை அணு இயந்திரத்தில் தலைகீழ். அதில் ஒவ்வொரு முறையும் ருபீடியம் அணுக்களை லேசர் இடுக்கியால் பிடித்து, வரிசைப்படுத்தி, பல்ஸ் கொடுத்து, படம் எடுத்து, அப்புறம் மீண்டும் முதலிலிருந்து. இப்படி ஒரு முறை அளப்பதுதான் ஒரு ஷாட். நொடிக்கு ஒன்றிரண்டு ஷாட் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் ஷாட்டுக்குப் பத்து நிமிடம். இந்தப் பக்கம் 16 நோடுகளைப் பிடித்துவைத்துக்கொண்டு நம் நிரல் பத்து நொடி கணக்குப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் வெறுமனே உட்கார்ந்திருக்கும். பிடித்துவைத்த நேரத்தில் இரண்டு சதவீதம்கூட வேலை நடக்கவில்லை. க்யூவில் நூறு பேர் காத்திருக்கும் மையத்தில் இதை யார் ஒத்துக்கொள்வார்கள்?

நோடுகளை ஒவ்வொரு சுற்றிலும் விட்டுவிடலாம். ஆனால் திரும்பப் பிடிக்க மறுபடி க்யூவில் நிற்க வேண்டும், பத்து நிமிடம் மிச்சம் பிடித்து இரண்டு மணி நேரம் இழப்போம். ஒரே ஒரு நோடை மட்டும் காவலுக்கு வைத்துக்கொண்டு மற்றதைச் சுருக்கி, தேவைப்படும்போது விரிக்கலாம். இது நல்ல வழி, ஆனால் நம் நிரலும், ஸ்லர்ம் மாதிரி க்யூவை நடத்தும் ஷெட்யூலரும் இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும். எம்பிஐயில் எழுதிய பழைய நிரல்கள் பிறந்தபோது எத்தனை பேரோ அத்தனை பேரோடுதான் சாகும் வகை. இன்னொரு வழி, ஐந்தாறு பேரின் ஜாப்களைக் கோத்து, ஒருவர் அளக்கும்போது மற்றவர் கணக்குப் போடுவது போல் குவாண்டம் இயந்திரத்தை முறைவைத்துப் பகிர்வது. எது எந்தச் சூழலில் தேறும் என்று பார்ப்பதுதான் என் பங்கு.

இந்த ஆராய்ச்சி முழுவதிலும் என் நிரலில் குவாண்டம் கணினியாக நடித்தது 'ஸ்லீப்' என்ற ஒரே ஒரு வரி. இயந்திரம் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் தூங்கிவிட்டு, முன்பே கணக்கிட்டுவைத்த விடையை நீட்டும். காத்திருப்பைப் படிப்பதற்கு உண்மையான அணுக்கள் தேவையில்லை, அவற்றின் தாமதம் போதும். இதை ஊரில் சொன்னபோது என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிரான்ஸ் வரைக்கும் போய்த் தூங்குகிற நிரல் எழுதினாயா என்று.

ஒரு நாள் பக்கத்துக் குழுவின் அணு இயந்திரத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். சரவிளக்கு எதுவும் இல்லை. பெரிய மேஜை, நூற்றுக்கணக்கான கண்ணாடிகளும் லென்சுகளும், கறுப்புத் திரை, நடுவில் உள்ளங்கையில் அடங்கும் வெற்றிடக் கண்ணாடிப் பெட்டி. அணுக்கள் அந்தப் பெட்டிக்குள். படம் எடுக்க அனுமதியில்லை, அதனால் அப்பத்தாவுக்குக் காட்ட எதுவும் இல்லாமல் போனது. இந்த வகை இயந்திரத்தைச் செய்யும் பாஸ்கல் நிறுவனம் 2019இல் தொடங்கியது. நிறுவனர்களில் ஒருவர் 2022 நோபல் பெற்ற அலென் ஆஸ்பே. 100க்கு மேற்பட்ட க்யூபிட் உள்ள அவர்களின் இயந்திரங்கள் இரண்டை, பிரான்சில் ஒன்றும் ஜெர்மனியின் யூலிஷில் ஒன்றுமாக, சூப்பர்கம்ப்யூட்டர்களோடு சேர்த்து இயக்குவதற்கென்றே ஐரோப்பியத் திட்டம் ஒன்று வாங்கியிருக்கிறது. அதனால்தான் என்னைப் போன்ற ஆட்களுக்கு அங்கே திடீரென்று கிராக்கி.

தங்கியது பாரிஸ் சித்தே யூனிவர்சித்தேரில், இந்திய இல்லத்தில். பி லைன் ரயில் வாசலிலேயே ஏறலாம், தெற்கே சாக்லே பக்கம் கொண்டுவிடும். ஆய்வகங்களும் சூப்பர்கம்ப்யூட்டர் மையமும் அந்தப் பக்கம் குவிந்திருக்கின்றன. ஓர்சேயில் இருக்கும் ஜான் ஸேய் சூப்பர்கம்ப்யூட்டரின் கழிவு வெப்பத்தைக் குழாய் வழியாக அக்கம்பக்கத்துக் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் அந்த வெப்பத்தை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். சாப்பாடு பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. கவுனி அரிசி அங்கேயும் ஆசியக் கடையில் கிடைக்கிறது, அது போதும்.

எனக்கு அங்கே உறுத்திய ஒரு விஷயம் உண்டு. குவாண்டம் பக்கத்து மாணவர்களும் எச்பிசி (சூப்பர்கம்ப்யூட்டிங்) பக்கத்து மாணவர்களும் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியவில்லை. அவர்கள் 'ஷாட்' என்றால் இவர்கள் விழிப்பார்கள், இவர்கள் 'வால்டைம்' என்றால் அவர்கள் விழிப்பார்கள். இரண்டையும் அரைகுறையாகத் தெரிந்த எனக்குத்தான் கூட்டங்களில் வேலை அதிகம். அரைகுறை என்பது நம் ஊரில் வசவு. அங்கே அதற்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். க்யூபிட்டில் வரும் பிழைகளைக் கண்டு திருத்தும் பிழைதிருத்தத்திலும் இதே இடைவெளிதான். கூகுளின் வில்லோ என்ற குவாண்டம் சிப்பில் ஒரு திருத்தச் சுற்றுக்கு ஒரு மைக்ரோ நொடி அளவுதான் ஆகிறது. அந்த வேகத்தில் வந்து விழும் அளவீடுகளைப் பின்தங்காமல் படித்து, எங்கே பிழை என்று சொல்ல வேண்டியது சாதாரண வன்பொருள். எஃப்பிஜிஏ, ஜிபியு தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் பாருங்கள், ஆள் பற்றாக்குறை அங்கேயும் உண்டு.

திரும்பி வந்து என் பேட்டரிக் கணக்குகளோடுதான் இருக்கிறேன். தீசிஸில் இந்த வேலை ஒரு அத்தியாயமாக வருமா, பின்னிணைப்பாக வருமா என்பதை டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில் முடிவு செய்வார்கள். அத்தியாயமாக வர வேண்டும் என்பது என் கட்சி. கைடு இன்னும் வாய் திறக்கவில்லை.

இப்போது விண்ணப்பிக்கும் தேவகோட்டைப் பெண் ஒருத்தி தன் ஸ்கேலிங் கிராஃபை எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான்கு நோடிலேயே படுத்துவிட்டது, இதை எப்படி அனுப்புவது, வேறு நல்ல கிராஃப் வரும்வரை காத்திருக்கவா என்று கேட்கிறாள். பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் எல்லா நோடும் ஒரே ஃபைலில் எழுதுகின்றன, அங்கேதான் சிக்குகிறது என்று தோன்றுகிறது. அதை அவளே சோதித்துவிட்டு, கிராஃபை அப்படியே வைத்து, கீழே காரணத்தை மூன்று வரியில் எழுதி அக்டோபர் முடிவதற்குள் அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்துவைக்கச் சொன்னேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.